ஒரு பானைச் சோறும் எரிபொருள் மின்கலமும்

(தொலைக்காட்சி அறிவியல் அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வரும் பழமொழி. சின்னப் பானையைப் பொறுத்தவரை அது நூற்றுக்கு நூறு உண்மை. கொதிக்கிற தண்ணீர் பானை முழுவதும் சுற்றிச் சுழல்வதால் எல்லா அரிசிக்கும் ஒரே சூடுதான் கிடைக்கிறது. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும்.

ஆனால் கல்யாண வீட்டில் பெரிய அண்டாவில் சோறு வடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஒரு பருக்கையை நம்ப மாட்டார்கள். அடியில் பிடித்திருக்கும், நடுவில் குழைந்திருக்கும், மேலே இன்னும் அரிசியாகவே இருக்கும். அங்கே மூன்று நான்கு இடங்களிலாவது கரண்டியை விட்டுப் பார்க்க வேண்டும்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட எரிபொருள் மின்கலமும் அப்படிப்பட்ட ஓர் அண்டாதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றும். உள்ளே ஒரு மூலை காய்ந்துகொண்டிருக்கும், இன்னொரு மூலை தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும். அதை எப்படித் தெரிந்துகொள்வது? தலைமுடி அளவே தடிமன் உள்ள உணரிகளை உள்ளேயே பதித்து வைத்துப் பார்க்கிறார்கள். அது எப்படி முடிகிறது, அதில் என்ன சிக்கல், அதனால் நமக்கு என்ன பயன் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

எரிக்காமல் கிடைக்கும் மின்சாரம்

முதலில் எரிபொருள் மின்கலம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைத் திருப்பிப் போட்டால் என்ன? ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் சேர்த்துத் தண்ணீராக்கி, அந்த வேளையில் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1839-ஆம் ஆண்டு வாக்கிலேயே வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வில்லியம் குரோவ் இதைச் செய்து காட்டினார்.

அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் அது ஆய்வுக்கூடத்துப் பொருளாகவே கிடந்தது. விண்வெளிப் பயணம்தான் அதற்கு வாழ்வு கொடுத்தது. 1965-இல் சென்ற ஜெமினி 5 விண்கலம் எரிபொருள் மின்கலத்தில் இயங்கியது. பின்னர் நிலவுக்குச் சென்ற அப்போலோ கலங்களும் அப்படியே. 2014-இல் டொயோட்டா நிறுவனம் மிராய் என்னும் காரை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் வட்டாரத்துக்கும் இது புதிதல்ல. 2004-இல் எரிபொருள் மின்கலம் பொருத்திய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார்கள் சிங்கப்பூர்ச் சாலைகளில் சோதனைக்காக ஓடின. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பாங்கியில் எரிபொருள் மின்கலத்துக்கென்றே ஓர் ஆய்வுக் கழகத்தை நடத்தி வருகிறது. 2019-இல் சரவாக் மாநிலம் கூச்சிங்கில் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையத்தைத் திறந்து, ஹைட்ரஜன் பேருந்துகளையும் அறிமுகப்படுத்தியது. அங்கே திட்டமிடப்பட்ட ஏ.ஆர்.டி. துரிதப் போக்குவரத்துக்கும் ஹைட்ரஜனையே எரிபொருளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே இது எங்கோ நடக்கிற கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

சவ்வின் இரு பக்கம்

கார்களிலும் பேருந்துகளிலும் இருப்பது சவ்வு வகை மின்கலம். நடுவே ஒரு மெல்லிய சவ்வு. நெகிழிப் பையைப் போல இருக்கும். தடிமன் பத்து மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், இந்தச் சவ்வு எவ்வளவு மெல்லியது என்று எண்ணிப் பாருங்கள்.

சவ்வின் இரு பக்கமும் பிளாட்டினம் தூவிய கரிப்பூச்சு இருக்கும். அதற்கு வெளியே கரியிழைத் தாள். அதற்கும் வெளியே, வாய்க்கால் வாய்க்காலாக வெட்டப்பட்ட தகடு. ஒரு பக்க வாய்க்காலில் ஹைட்ரஜன் ஓடும், மறுபக்க வாய்க்காலில் காற்று ஓடும். ஹைட்ரஜன் தன்னிடமுள்ள மின்னணுவைக் கழற்றிவிட்டு, வெறும் புரோட்டானாகச் சவ்வைக் கடந்து அந்தப் பக்கம் போகிறது. மின்னணுவால் சவ்வைக் கடக்க முடியாது. அது வெளியிலுள்ள கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த ஓட்டம்தான் மின்சாரம். அந்தப் பக்கம் பிராணவாயுவோடு எல்லாம் சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஒரு கலத்திலிருந்து வேலை நேரத்தில் கிடைப்பது சுமார் 0.6 அல்லது 0.7 வோல்ட் மட்டுமே. கையடக்க வானொலியில் போடும் பேட்டரியில் பாதிகூட இல்லை. அதனால் நூற்றுக்கணக்கான கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிக் கட்டுகிறார்கள். முதல் மிராய் காரில் இருந்த கலங்கள் 370.

தண்ணீர்தான் நண்பன், தண்ணீர்தான் பகைவன்

சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டான் அதைக் கடக்கும். காய்ந்துவிட்டால் வழி அடைபடும், மின்தடை கூடும், சூடு ஏறும், சூடு ஏற ஏற இன்னும் காயும். நாளடைவில் சவ்வில் ஊசித்துளை விழும். துளை விழுந்தால் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் நேரடியாகச் சந்தித்துக்கொள்ளும். அதோடு அந்தக் கலத்தின் கதை முடிந்தது.

அப்படியானால் நிறையத் தண்ணீர் இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. ஒரு கிலோ ஹைட்ரஜன் செலவானால் ஒன்பது கிலோ தண்ணீர் உண்டாகிறது. அந்தத் தண்ணீர் வெளியேறாமல் கரித்தாளின் நுண்துளைகளிலும் வாய்க்கால்களிலும் தேங்கினால் காற்று உள்ளே போக முடியாது. மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தெரு எப்படி ஆகுமோ, அப்படித்தான். ஹைட்ரஜன் பக்கம் அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். அடுக்கிலுள்ள மற்றக் கலங்கள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், பட்டினி கிடக்கும் கலம் தன் உடம்பிலுள்ள கரியையே தின்று ஈடுகட்டுகிறது. பிளாட்டினத்தைத் தாங்கி நிற்கும் கரி அரித்துப்போனால் அது மீண்டும் வராது.

நம் ஊர்க் காற்றில்தான் ஈரம் நிறைய உண்டே, சவ்வு எப்படிக் காயும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெளியே 30 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சட்டை உடம்போடு ஒட்டுகிற புழுக்கம் அது. அதே காற்றை, அழுத்தத்தை மாற்றாமல், கலத்தின் வெப்பநிலையான 70 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 11 விழுக்காடாக இறங்கிவிடும். காற்றிலுள்ள தண்ணீர் குறையவில்லை. சூடான காற்றின் தாகம்தான் கூடிவிட்டது. ஆக, கூச்சிங்கின் ஈரக்காற்றுகூடக் கலத்துக்குள் நுழைந்ததும் வறண்ட காற்றாகிவிடுகிறது. அது நுழையும் வாசலில் சவ்வு காயும். போகிற வழியெல்லாம் உண்டாகும் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வெளியேறும் வாசலுக்கு வரும்போது அங்கே தண்ணீர் தேங்கும். ஒரே கலத்தில், ஒரே நேரத்தில், ஒரு முனையில் வறட்சி, மறுமுனையில் வெள்ளம்.

மொத்த எடை மட்டும் போதுமா?

இதைக் கண்டுபிடிக்க மின்னழுத்தத்தை அளந்தால் போதாதா? போதாது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். காலையில் வெட்டிய பாலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து எடை போடுகிறார்கள். மொத்தம் இத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். ஆனால் எந்த மரம் வற்றிப்போய்க்கொண்டிருக்கிறது என்று அந்தத் தராசு சொல்லுமா? சொல்லாது. நிரைக்குள் இறங்கி மரத்துக்கு மரம் மங்கைப் பார்த்தால்தான் தெரியும்.

370 கலங்களும் சேர்ந்து சுமார் 240 வோல்ட் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கலம் நோயுற்று 0.65 வோல்ட்டிலிருந்து 0.4 வோல்ட்டுக்கு இறங்கினால் மொத்தத்தில் குறைவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். வண்டி மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஏற்படும் மாற்றத்தில் இது கண்ணுக்கே தெரியாது.

சரி, ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அளக்கலாம். பல அடுக்குகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எந்தக் கலம் சோர்ந்திருக்கிறது என்பது அப்போது தெரியும். ஆனால் கலத்தின் எந்த மூலையில் கோளாறு என்பது தெரியாது. தகடு முழுவதும் மின்சாரத்தைக் கடத்துவதால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காய்ந்தாலும் மின்னழுத்தம் குறையும், மூழ்கினாலும் மின்னழுத்தம் குறையும். அறிகுறி ஒன்று, நோய் இரண்டு. மருந்தோ நேர் எதிரானது. நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார் அல்லவா? டிங்கிக் காய்ச்சலாக இருந்தால் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, இரத்தக் கசிவு கூடிவிடும் என்பதால்தான். இங்கேயும் அப்படியே. வறண்ட கலத்துக்கு ஈரம் ஏற்ற வேண்டும், மூழ்கிய கலத்திலிருந்து ஈரத்தை விரட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் கலம் கெட்டுப்போகும்.

உள்ளே போகும் உணரி

அதனால்தான் விஞ்ஞானிகள் கலத்துக்குள்ளேயே கண்களைப் பதிக்க முயன்றார்கள்.

1998-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார், வானொலிப் பெட்டிக்குள் இருக்குமே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை, அதைப் பயன்படுத்தித் தகட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எவ்வளவு மின்னோட்டம் என்று அளந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகம் போன்ற இடங்களில் நியூட்ரான் கதிரைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். நியூட்ரான் அலுமினியத்தைச் சுலபமாகக் கடந்துவிடும், தண்ணீரில் சிதறிவிடும். எனவே தேங்கிய தண்ணீர் நிழலாகத் தெரியும். அருமையான வழிதான். ஆனால் நியூட்ரான் கதிரைத் தரும் பெரிய எந்திரத்தைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

அடுத்து வந்தது மெம்ஸ் என்னும் நுண்ணெந்திர நுட்பம். தைவானின் யுவான் ஸே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி-யுவான் லீயின் குழுவினர் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் உழைத்திருக்கிறார்கள். சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள பாலிஇமைடு என்னும் மெல்லிய படலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மடக்கினாலும் உடையாது, சூட்டையும் தாங்கும். அதன் மேல், கணினிச் சில்லு செய்யும் முறையிலேயே, ஒளியால் வடிவத்தைப் பதித்துத் தங்கக் கோடுகளை இழைக்கிறார்கள்.

ஒரு கோடு பாம்பு போல வளைந்து வளைந்து போகும். அது வெப்பநிலை உணரி. தங்கம் சூடானால் அதன் மின்தடை பாகைக்கு ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு கூடும். தடையை அளந்தால் சூடு தெரிந்துவிடும். இன்னோர் இடத்தில் இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்து வைத்தது போலக் கோடுகள் இருக்கும். அவற்றின் மேல் ஈரத்தை உறிஞ்சும் பூச்சு. ஈரம் ஏறினால் அது மின்னேற்றத்தைச் சேமிக்கும் அளவு மாறும். அது ஈரப்பத உணரி. அதே படலத்தில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் வாயு ஓடும் வேகத்துக்கும் தனித்தனி உணரிகளை அமைக்கிறார்கள். பிறகு படலத்தைத் தகட்டின் வாய்க்காலுக்கு மேலே கிடத்திக் கலத்தை மூடிவிடுகிறார்கள்.

இன்னொரு வழி கண்ணாடி இழை. இன்று இணையத் தொடர்புக்கு வீடு வரை வருகிறதே, அதே ஒளியிழைதான். 1978-இல் கனடாவில் கென்னத் ஹில் குழுவினர், இழைக்குள் ஒளியால் நுண்ணிய வரிவரியான அமைப்பை உண்டாக்க முடியும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த வரிகள் ஒரு குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழை சூடானால் வரிகள் சற்று மாறும், திரும்பி வரும் நிறமும் மிகச் சிறிய அளவு மாறும். அந்த மாற்றத்தை அளந்து வெப்பநிலையைச் சொல்லலாம். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தார் இந்த இழையைச் சவ்வு மின்கலத்துக்குள் பதித்து வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்திருக்கிறார்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, கலத்துக்குள் இருக்கும் அமிலம் அதை அரிக்காது. ஒரே இழையில் பல இடங்களில் வரிகளை அமைக்கலாம் என்பதால் கம்பிகளின் தொல்லையும் குறையும்.

பீங்கான் வகை மின்கலங்கள் 600 பாகைக்கு மேல் வேலை செய்பவை. அங்கே பாலிஇமைடு கருகிவிடும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் இரு உலோகங்கள் சேரும் இடத்தில் சூட்டால் மின்னழுத்தம் பிறக்கும் என்ற பழைய உண்மையைப் பயன்படுத்தி, கம்பிகளைச் சிக்கனமாகப் பின்னி, பல இடங்களின் வெப்பநிலையைக் கலத்தின் மேலேயே அளக்க வழி கண்டிருக்கிறார்கள்.

நாடி பிடிக்கப் போய்க் கழுத்தைப் பிடிக்கலாமா?

இவ்வளவு சிறிய உணரிகள் வந்துவிட்டன, இனிக் கவலையில்லை என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் பொறுமை வேண்டும்.

முதல் சிக்கல், உணரி தானே தடையாகிவிடுவது. வாய்க்காலின் அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதில் தடித்த பொருளை வைத்தால் வாயு ஓட்டம் கெடும், தண்ணீர் அதன்மேல் வந்து ஒட்டும். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம், கழுத்தைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. அளக்கப் போனதால் உண்டான கோளாறையே அளந்துவிட்டு, இதுதான் கலத்தின் நோய் என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. 50 மைக்ரானுக்கு இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

இரண்டாவது, கசிவு. உணரியின் கம்பி எங்காவது வெளியே வந்தாக வேண்டும். வரும் இடத்தில் ஹைட்ரஜன் கசியக் கூடாது. அணுக்களிலேயே மிக இலேசானது ஹைட்ரஜன், சந்து கிடைத்தால் போதும்.

மூன்றாவது, நஞ்சு. கம்பியிலிருந்து இரும்போ செம்போ சிறிதளவு கரைந்து சவ்வுக்குள் போனாலும் கேடு. குறிப்பாக இரும்பு, சவ்வைத் தாக்கும் வேதிப்பொருள்கள் உண்டாவதைத் துரிதப்படுத்தும். தங்கத்தை உபயோகிப்பது பகட்டுக்கு அல்ல, அது கரையாது என்பதற்காக.

நான்காவது, எண்ணிக்கை. 370 கலங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் மூன்று அளவுகள் என்றால் 5,550 உணரிகள் ஆகின்றன. உணரிக்கு இரண்டு கம்பி என்றாலும் 11,100 கம்பிகள். இது நடக்கிற காரியமா? ஆகவே சில கலங்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுக்கின் இரு கோடியிலும் இருக்கும் கலங்கள் வெளிப்பக்கம் சூட்டை இழப்பதால் குளிர்ந்து தண்ணீர் தேக்கும். வாயு நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும் எப்போதும் கவனிக்கத்தக்க இடங்கள். அண்டாவில் எந்தெந்த இடத்தில் கரண்டியை விடவேண்டும் என்பது அனுபவசாலிக்குத் தெரிவதைப் போல, உணரியை எங்கே வைப்பது என்பதற்கும் அறிவு வேண்டும்.

அப்போலோ 13 தரும் பாடம்

ஐந்தாவதாக ஒன்று உண்டு. உணரி இருந்தால் மட்டும் போதாது, அது சரியான எல்லை வரை அளக்க வேண்டும். இதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1970 ஏப்ரலில் நிலவை நோக்கிச் சென்ற அப்போலோ 13 கலத்தில் பிராணவாயுத் தொட்டி ஒன்று வெடித்தது. எரிபொருள் மின்கலங்களுக்கும் வீரர்களின் மூச்சுக்கும் பிராணவாயு தந்த தொட்டி அது. மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. மூன்று வீரர்களும் நிலவில் இறங்குவதற்கென்று வைத்திருந்த சிறு கலத்தில் ஒண்டிக்கொண்டு உயிரோடு திரும்பியது நாம் அறிந்த கதை.

காரணம் தரையிலேயே உண்டாகிவிட்டது. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், தொட்டியைக் காலி செய்வதற்காக அதனுள் இருந்த சூடேற்றியைப் பல மணி நேரம் ஓடவிட்டார்கள். சூடு மிஞ்சினால் அணைக்க வேண்டிய விசை 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. தரையில் கொடுக்கப்பட்டதோ 65 வோல்ட். விசை உருகி ஒட்டிக்கொண்டது. உள்ளே 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடு ஏறியிருக்கும் என்று பின்னர் கணித்தார்கள். கம்பிகளின் மேலுறை கருகிவிட்டது. ஆனால் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏன் தெரியுமா? அந்த அளவி சுமார் 27 பாகைக்கு மேல் காட்டாது. முள் 27-இல் நின்றது, உள்ளே நெருப்பாகக் கொதித்தது.

கருவி பொய் சொல்லவில்லை. அதனால் முடிந்தவரை சொன்னது. அதற்குமேல் சூடு போகாது என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதுதான் தவறு. இன்று மின்கலத்துக்குள் வைக்கப்படும் ஈரப்பத உணரிக்கும் இது பொருந்தும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படிந்தால் அது நூறு விழுக்காட்டில் நின்றுவிடும். வெள்ளம் எவ்வளவு என்று அதற்குமேல் சொல்லாது. ஆகவே ஓர் உணரியின் வாக்கை மட்டும் நம்பாமல், வெப்பநிலை, ஈரம், மின்னோட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பேருந்தில் இந்த உணரிகள் உண்டா?

நேயர்கள் கேட்கக்கூடிய கேள்வி இது. பொதுவாகச் சாலையில் ஓடும் வண்டிகளில் இவ்வளவு விரிவான உணரிகள் கலத்துக்குள் பதிக்கப்படுவதில்லை. குளிர்நீர் உள்ளே போகும் சூடு, வெளியே வரும் சூடு, கலங்களின் மின்னழுத்தம் போன்றவற்றைக் கொண்டு உள்நிலையை ஊகிக்கிறார்கள். மிராய் காரில் சிறிய அலைவு மின்னோட்டத்தைச் செலுத்திச் சவ்வின் மின்தடையை அறிந்து, அது காய்ந்திருக்கிறதா என்று கணிக்கிறார்கள். புத்திசாலித்தனமான வழி, கம்பியும் மிச்சம்.

அப்படியானால் பதிக்கும் உணரி எதற்கு? ஊகம் சரிதானா என்று சோதிக்க யாராவது ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? ஆய்வுக்கூடத்தில் உணரி பதித்த ஒரு கலம், ஊகிக்கும் கணக்குக்கு ஆசிரியராக இருந்து திருத்துகிறது. அந்தத் திருத்தம் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் போய்ச் சேருகிறது. உணரி பேருந்தில் இல்லாவிட்டாலும் அது கற்றுக்கொடுத்த பாடம் பேருந்தில் இருக்கிறது.

இதில் பெரும் பணம் அடங்கியிருக்கிறது. கனரக லாரிகளின் மின்கலம் 25,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2030-க்கு இலக்கு வைத்திருக்கிறது. இது முடியாத காரியம் அல்ல. கலிபோர்னியாவில் ஓக்லண்டு வட்டாரப் பேருந்துகளில் சில மின்கலங்கள் அந்த எல்லையைத் தாண்டி உழைத்தன. ஆனால் எல்லா மின்கலமும் அப்படி உழைப்பதில்லை. பிளாட்டினம் உள்ள பொருள் பாதி வழியில் படுத்துவிட்டால் மாற்றும் செலவு யார் தலையில் விழும்? பொதுப் போக்குவரத்து என்றால் மக்கள் பணம்தான்.

ஆகவே ஹைட்ரஜன் வண்டி வாங்கும் எந்த அரசும் நிறுவனமும் விலையை மட்டும் கேட்கக் கூடாது. கலம் கலமாக மின்னழுத்தப் பதிவு கிடைக்குமா? எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு சோர்ந்தது என்று பார்க்க முடியுமா? நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இந்தக் கணிப்பு முறை சோதிக்கப்பட்டதா? இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். குளிர்நாட்டில் சோதித்த கணக்கு நம் ஊர் நண்பகல் வெயிலில் அப்படியே செல்லும் என்று எடுத்துக்கொள்வது, 27 பாகையில் நின்ற முள்ளை நம்புவது போன்றது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

நிறைவாக, பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நுண்ணுணரி செய்யும் கலை நமக்கு அந்நியமானது அல்ல. 1970-களிலிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் வந்தவர்களில் நம் அக்காக்களும் அண்ணன்களும் இருந்தார்கள். சிங்கப்பூரின் சில்லுத் தொழிற்சாலைகளிலும் நம்மவர் உண்டு. மெல்லிய படலத்தில் தங்கக் கோடு இழைப்பதும் அந்தக் குடும்பத்து வேலைதான்.

இந்தத் துறைக்கு இயற்பியல் படித்தவர் மட்டும் போதாது. தண்ணீரின் போக்கை அறிந்த வேதியியலார் வேண்டும், ஆயிரக்கணக்கான அளவுகளிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கும் கணினியார் வேண்டும், கசியாமல் கம்பியை வெளியே எடுக்கத் தெரிந்த கைத்திறன் உள்ள தொழில்நுட்பரும் வேண்டும். பாலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சிக் கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளைக் குறைவாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தக் கம்பியைக் கசியாமல் பொருத்தத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் பேராசிரியரின் உணரி பெட்டிக்குள்ளேயே கிடக்கும் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

பழமொழியை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு சோறு பதம் பார்த்த நம் பாட்டிமார்கள், எந்தப் பானைக்கு அது செல்லும், எந்த அண்டாவுக்குச் செல்லாது என்பதையும் சேர்த்தே அறிந்திருந்தார்கள். அளப்பதற்கு முன் எங்கே அளக்க வேண்டும், எதுவரை அளக்க முடியும் என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் வளர்ப்போம்.